பரமசிவத்துக்கு ஒரு டீ

காவிரிக் கரைப் பிள்ளைகளிடம் வெள்ளைத்தாளைக் கொடுத்து, "உனக்குப் பிடிச்சதை வரை" என்று சொன்னால் பெரும்பாலும் மலையைத்தான் வரைகிறார்கள். இரண்டு மலை, நடுவில் பாதிச் சூரியன், குச்சி குச்சியாகக் கதிர்கள், அடிவாரத்திலிருந்து அகன்றுகொண்டே வரும் ஆறு, கரையில் ஒரு கூரைவீடு, சாய்ந்த தென்னை, வானத்தில் நாலைந்து பறவை. கும்பகோணத்தைச் சுற்றி எந்தத் திசையில் சைக்கிளை மிதித்தாலும் மலை தட்டுப்படாது. சுவாமிமலையில் இருப்பதே கட்டுமலைதான். அறுபது படி ஏறினால் முருகன் சந்நிதி வந்துவிடும். ஆனாலும் எங்கள் ஊர்ப் பிள்ளைகளின் தாள்களில் மலைத்தொடர் தவறாமல் நிற்கும். யாரோ எப்போதோ ஒரு கரும்பலகையில் போட்டுக் காட்டிய படம், அண்ணனிடமிருந்து தம்பிக்கும் அக்காவிடமிருந்து தங்கைக்கும் போய்க்கொண்டே இருக்கிறது. அதற்கு 'இயற்கைக் காட்சி' என்று பெயர். போட்டிகளில் பரிசும் அதற்குத்தான் கிடைக்கிறது.

நான் கும்பகோணத்தில் ஓவியம் படித்து, பத்திரிகைகளுக்குக் கதைப்படமும் நகைச்சுவைத் துணுக்குப் படமும் வரைந்து பிழைத்தவள். ஊருக்குத் திரும்பிய பிறகு, பக்கத்துக் கிளை நூலகத்தின் வாசகர் வட்டத்தார் "ஞாயித்துக்கிழமையில பிள்ளைங்களுக்கு ஏதாவது சொல்லிக்குடுங்களேன்" என்று கேட்டார்கள். கார்ட்டூன் சொல்லித்தருகிறேன் என்றேன். நூலகருக்குச் சந்தோஷம். வட்டத்துப் பெரியவர் ஒருவருக்குத் தயக்கம். "கார்ட்டூன்னா டிவியில ஓடுறதுதானேம்மா? அதைத்தான் நாள் முழுக்கப் பாக்குதுங்களே" என்றார். அவர் சொன்னது உண்மைதான். அதனாலேயே அதைச் சொல்லித்தர வேண்டும் என்று எனக்குப் பட்டது. அடுத்தவர் செய்து கொடுத்ததை நாள் முழுக்கப் பார்க்கிற பிள்ளை, ஒரு தடவையாவது தானே ஒன்றைச் செய்து பார்க்க வேண்டும்.

நாலாம் வகுப்பிலிருந்து எட்டாம் வகுப்பு வரை கலந்து வந்தார்கள். சின்னதுகள் உட்கார்ந்தவுடன் பென்சிலைக் கையில் எடுத்துவிட்டன. பெரியவர்கள் மட்டும் சுவரோரமாக ஒதுங்கி, "எனக்கு டிராயிங் வராது மிஸ்" என்றார்கள். இந்த வாக்கியத்தை ஏழு வயதுப் பிள்ளை சொல்லி நான் கேட்டதே கிடையாது. பத்து, பதினொரு வயதில்தான் அது வந்து சேர்கிறது. அதுவரை தான் போட்ட கோடு எதுவானாலும் அது யானைதான். அதன்பிறகு, பக்கத்தில் இருப்பவன் படத்தோடும் புத்தகத்தில் அச்சான படத்தோடும் வைத்துப் பார்க்கத் தெரிந்துவிடுகிறது. மூக்கு மூக்கு மாதிரி இல்லை என்பது கண்ணுக்குப் படுகிறது. அதைச் சரிசெய்யும் வழியைச் சொல்ல ஆளில்லை. பிள்ளை பென்சிலைக் கீழே வைத்துவிடுகிறது. அப்படிக் கீழே வைத்தவர்களில் முக்கால்வாசிப் பேர் திரும்ப எடுப்பதே இல்லை. கார்ட்டூனை நான் அந்த வயதுக்காகவே தேர்ந்தெடுத்தேன். அதில் மூக்கு மூக்கு மாதிரி இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. அந்த மூக்குக்குச் சொந்தக்காரர் யார் என்பது தெரிந்தால் போதும்.

சுவரோரத்தில் நின்றவர்களுக்கு நான் கொடுத்த முதல் வேலை, சுவிட்சர்லாந்தின் ஜெனீவா நகரில் இருந்த ஒரு பள்ளி ஆசிரியரிடமிருந்து வந்தது. ரொடால்ஃப் டோப்ஃபர் என்று பெயர்; 1799இல் பிறந்தவர். அப்பா ஓவியர், இவருக்கும் ஓவியராக ஆசை. கண்ணில் கோளாறு வந்து அது நடக்காமல் போனது. விடுதியோடு கூடிய பள்ளி ஒன்றை நடத்திக்கொண்டு, தன் மாணவர்கள் சிரிப்பதற்காகக் கட்டம் கட்டிப் படக்கதை வரைந்தார். காமிக்ஸின் வரலாற்றை எழுதுகிறவர்கள் பலரும் அவரிடமிருந்துதான் ஆரம்பிக்கிறார்கள். 1845இல் முகங்களைப் பற்றி ஒரு சிறிய நூல் எழுதினார். எத்தனை மோசமாகக் கிறுக்கினாலும், முகம் என்று ஒன்று ஆகிவிட்டால் அதற்கு ஒரு குணமும் வந்துவிடும் என்பது அதன் சாரம். முதலில் கிறுக்கு, பிறகு அந்த முகத்தைப் பார்த்து அது யாரென்று கண்டுபிடி. ஓவியம் படித்த எனக்கு, திட்டமிட்டுப் பிறகு வரை என்றுதான் சொல்லித்தந்திருந்தார்கள். பிள்ளைகள் விஷயத்தில் டோப்ஃபர் சொல்வதே பலிக்கிறது.

கண்ணை மூடிக்கொண்டு உருளைக்கிழங்கு மாதிரி பத்துப் பன்னிரண்டு உருவம் போடச் சொன்னேன். கண்ணைத் திறந்து ஒவ்வொன்றிலும் இரண்டு புள்ளி, ஒரு கோடு. அவ்வளவுதான். "இப்ப சொல்லுங்க, இவங்கள்லாம் யாரு?" கொஞ்ச நேரம் அமைதி. பிறகு ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன், இதுவரை வாயே திறக்காதவன், தன் மூன்றாவது கிழங்கைக் காட்டி, "இவரு கைமாத்துக் குடுத்துட்டு, திரும்பக் கேக்கக் கூச்சப்பட்டுட்டு நிக்கிறாரு மிஸ்" என்றான். அந்தக் கிழங்குக்கு வாய்க்கோடு ஒரு பக்கம் லேசாகச் சரிந்திருந்தது. அவ்வளவுதான் அதில் இருந்தது. பக்கத்துப் பெண் தன்னுடையதில் ஒன்று பஸ்ஸைத் தவறவிட்ட அக்கா என்றாள். அறை முழுக்க ஆட்கள் வந்து நிறைந்துவிட்டார்கள். வரையத் தெரியாது என்ற பேச்சு அன்றைக்கு அதற்குப் பிறகு எழவில்லை.

பிறகு புருவம். கண்ணையும் வாயையும் தொடாமல் புருவத்தை மட்டும் மாற்றிக்கொண்டே போனால் ஒரே முகம் கோபப்படும், ஏங்கும், சந்தேகப்படும், அழப் பார்க்கும். அடுத்து, கண் இருக்கும் இடம். முகத்தில் கண்ணைக் கீழே இறக்கி, நெற்றியை அகலமாக விட்டால் குழந்தை. மேலே ஏற்றி, தாடையை நீட்டினால் பெரியவர். இவற்றைக் கரும்பலகையில் போட்டுக் காட்டிவிட்டு உடனே அழித்துவிடுவேன். விட்டுவைத்தால் பிள்ளைகள் அதைப் பார்த்து எழுத ஆரம்பித்துவிடுவார்கள். மறுபடியும் இரண்டு மலையும் ஒரு சூரியனும்தான். பிள்ளையின் தாளில் என் பென்சில் படவே கூடாது என்பதிலும் நான் உறுதியாக இருந்தேன். "இந்தக் கை மட்டும் சரியா வரல, போட்டுக் குடுங்க மிஸ்" என்று கெஞ்சுவார்கள். என் கையை மடக்கி நீட்டி, நிற்க வைத்து, பார்த்து வரையச் சொல்வேன். வாத்தியார் ஒரு கோடு இழுத்துக் கொடுத்த படத்தைப் பிள்ளை பிறகு தன்னுடையது என்று சொல்லிக்கொள்வதில்லை. அது எனக்கு நன்றாகத் தெரியும். என் வீட்டில் நான் சின்ன வயதில் வாங்கிவந்த பரிசுப்படம் ஒன்று உண்டு, அதை நான் யாருக்கும் எடுத்துக் காட்டியதில்லை.

தாளுக்குப் பஞ்சமில்லை. கடைத்தெரு அச்சகத்தில் நோட்டீஸ் வெட்டி மிஞ்சும் துண்டுகளைச் சாக்கில் கட்டிக் கொடுப்பார்கள். நல்ல தாளைக் கொடுத்தால் பிள்ளைகளுக்குப் பயம் வந்துவிடுகிறது. துண்டுத்தாளில் துணிச்சலாகப் போடுகிறார்கள். ரப்பரை வாசலில் ஒரு டப்பாவில் போட்டுவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும். தப்பாகப் போன கோட்டை அழிக்கக் கூடாது. பக்கத்தில் இன்னொன்று போட்டுக்கொள்ளலாம்.

அந்தக் கூட்டத்தில் ஒரு பையன் சோட்டா பீமை அச்சு அசலாக வரைவான். பார்க்காமலே வரைவான். ராஜீவ் சிலகா ஹைதராபாத்தில் இருந்துகொண்டு உருவாக்கி, 2008இல் போகோ சேனலில் வந்த அந்தப் பையன், இத்தனை வருஷமாகியும் லட்டுவோடு நம் பிள்ளைகளின் நோட்டு அட்டைகளை விட்டு இறங்கவில்லை. அடுத்தவர் உருவத்தை அப்படியே வரைவதை நான் மட்டமாகச் சொல்ல மாட்டேன். அந்தப் பையனின் கையில் நல்ல பழக்கம் ஏறியிருந்தது, கோடு நடுங்காது. ஆனால் "உன் பீம் எதுக்குப் பயப்படுவான்?" என்று கேட்டபோது அவனுக்குச் சொல்லத் தெரியவில்லை. "அதெல்லாம் டிவியில வரல மிஸ்" என்றான்.

அவனிடம் சுப்பாண்டியைப் பற்றிச் சொன்னேன். டிங்கிள் இதழில் 1983இல் தோன்றி, இந்தியா முழுக்கப் பிள்ளைகளைச் சிரிக்க வைத்த அந்தத் தட்டைத்தலை ஆளை முதலில் எழுதி அனுப்பியவர் திருச்சியைச் சேர்ந்த வரதராஜன் என்ற வாசகர். அவர் தபாலில் அனுப்பிய கதைகளுக்கு ராம் வாயீர்கர் உருவம் கொடுத்தார். "திருச்சியா? நம்ம திருச்சியா?" என்று கேட்டான் பையன். மும்பையிலிருந்தும் ஜப்பானிலிருந்தும் மட்டுமே வரக்கூடியது என்று நினைத்திருந்த ஒன்று, ரயிலில் இரண்டு மணி நேரத் தூரத்தில் இருக்கும் ஊரிலிருந்து கிளம்பியிருக்கிறது என்பது அவனை எங்கோ தொட்டுவிட்டது.

அடுத்த வாரம் அவன் கொண்டுவந்த படத்தில் பீம் இல்லை. ஒல்லியாக ஒரு பையன். முழங்கால் வரை வரும் ஷூ. நடந்தால் ஷூ முன்னால் போகும், ஆள் பின்னால் வருவான். "அண்ணனோட ஷூ மிஸ். பத்தாம் நம்பர். வளர்ற புள்ளதானே, போட்டுக்கன்னு குடுத்துட்டாங்க" என்றான். படத்திலிருக்கும் பையனைப் பற்றித்தான் சொன்னான். நான் வேறெதையும் கேட்கவில்லை. வாசலில் வரிசையாகக் கிடந்த செருப்புகளுக்கு நடுவே ஒரு ஜோடி கறுப்பு ஷூ மட்டும் படகு போலக் கிடந்ததை அதற்கு முந்தின வாரமே பார்த்திருந்தேன். "இவன் எதுக்குப் பயப்படுவான்?" என்றேன். யோசிக்கவே இல்லை. "ஓட்டப்பந்தயத்துக்கு. ஆனா மழை பெஞ்சா இவன்தான் ராஜா. ஷூவுக்குள்ள மீன் புடிச்சுடுவான்."

பெயர் வைப்பதற்குத் தனியாக ஒரு வகுப்பு ஒதுக்கினேன். அதில் எனக்கு குரு கார்ட்டூனிஸ்ட் மதன். விகடனில் அவர் உருவாக்கிய முன்ஜாக்கிரதை முத்தண்ணா, ரெட்டைவால் ரெங்குடு, சிரிப்புத் திருடன் சிங்காரவேலு, வீட்டுப் புரோக்கர் புண்ணியகோடி ஆகிய பெயர்களைப் பலகையில் எழுதிப்போட்டேன். பெயரிலேயே ஆள் வந்து நிற்கிறார், காதிலும் மோனை தட்டுகிறது. பிள்ளைகள் இதைச் சட்டென்று பிடித்துக்கொண்டார்கள். ஷூ பையன் 'பத்தாம் நம்பர் பக்கிரி' ஆனான். சுவரொட்டிகளைத் தின்றே வளர்ந்த ஓர் ஆட்டுக்குப் 'போஸ்டர் பொன்னி' என்று பெயர் விழுந்தது. பொன்னியை உருவாக்கியவன் வீட்டில் ஆடு உண்டு. அது மைதாப் பசைக்காகச் சுவரொட்டியை உரித்துத் தின்பதைத் தினமும் பார்க்கிறவன். சினிமா போஸ்டர் தின்றால் பொன்னி வசனம் பேசும். தேர்தல் போஸ்டர் தின்றால் வாக்குறுதி கொடுக்கும். கண்ணீர் அஞ்சலி போஸ்டர் தின்ற அன்று மட்டும் ஒன்றும் பேசாது, கொட்டகையில் படுத்துக்கொள்ளும். இந்தக் கடைசி வரியை ஒன்பது வயதுப் பிள்ளை எழுதியிருந்தான் என்பதை நான் இன்றும் பலரிடம் சொல்கிறேன்.

உருவம் எப்போது முழுமையாகிறது என்று பிள்ளைகள் கேட்பார்கள். கறுப்பு மை பூசிப் பார் என்பேன். உருவத்தின் உள்ளே இருக்கும் கண், மூக்கு, பொத்தான் எல்லாம் மறைந்த பிறகும் ஆள் யாரென்று தெரிய வேண்டும். ஆர்.கே. லக்ஷ்மண் 1951இல் டைம்ஸ் ஆஃப் இந்தியாவில் கொண்டுவந்த 'காமன் மேன்' கட்டம்போட்ட கோட்டும் வேட்டியும் போட்டவர்; வழுக்கையின் ஓரத்தில் சிலுப்பிக்கொண்டு நிற்கும் முடியையும் வேட்டியையும் வைத்தே நிழலிலும் அவரைக் கண்டுபிடித்துவிடலாம். டின்டினுக்கு நெற்றியில் ஒரு முடிக்கொத்து போதும். பக்கிரி இந்தத் தேர்வில் முதல் தடவையே தேறிவிட்டான். வேறு சிலருடைய நாயகர்கள் கறுப்பு மைக்குள் ஒரே மாதிரி ஆகிப்போனார்கள். யாரும் குறை சொல்லவில்லை. ஒருத்தி தன் நாயகிக்குப் பெரிய ஜிமிக்கியைப் போட்டுக்கொண்டாள், இன்னொருவன் தன் ஆளை அரை அடி குள்ளமாக்கினான்.

குள்ளம் என்று சொன்னதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. கதாபாத்திரங்களின் உயரத்தைத் தலையால் அளப்பது எங்கள் தொழில் வழக்கம். வளர்ந்த மனிதர் ஏறக்குறைய ஏழரைத் தலை உயரம். கார்ட்டூன் குழந்தை இரண்டு அல்லது மூன்று தலை. 1950லிருந்து 2000 வரை சார்லஸ் ஷூல்ஸ் வரைந்த சார்லி பிரவுன் கையைத் தூக்கினால் தன் உச்சியைத் தொட முடியாது. தலை அவ்வளவு பெரிது. இதை நான் சொல்லிக்கொண்டிருக்கும்போது சுவாமிமலைச் சிலைப் பட்டறைக்காரர் வீட்டுப் பையன் கையைத் தூக்கினான். "எங்க வீட்லயும் இப்படித்தான் மிஸ். ஓலைய மடிச்சு அளப்பாங்க. புள்ளையாருக்கு அஞ்சு தாளம். பெரிய சாமிக்கெல்லாம் ஒம்பது, பத்து."

அந்த வகுப்பை அவனிடமே விட்டுவிட்டேன். அடுத்த வாரம் தென்னை ஓலை நறுக்கு ஒன்றைக் கொண்டுவந்தான். செய்யப்போகும் சிலையின் உயரத்துக்கு ஓலையை நறுக்கி, அதைப் பங்கு பங்காக மடித்து மடிப்புத் தடம் விழச்செய்து, அந்தத் தடங்களை வைத்து முகம், கழுத்து, மார்பு, தொப்புள், முழங்கால் என்று மெழுகில் குறித்துக்கொள்கிறார்கள். நெற்றி மயிர்க்கோட்டிலிருந்து தாடை வரையிலான முக நீளம் ஒரு தாளம். அளவுகோல் இல்லை, எண் எழுதிய நாடா இல்லை. சின்னச் சிலைக்குச் சின்ன ஓலை, பெரிய சிலைக்குப் பெரிய ஓலை, பங்கு மாறாது. பிள்ளைகள் அன்று ஆளுக்கு ஒரு ஓலையை மடித்துத் தங்கள் கதாபாத்திரத்துக்கு அளவு எடுத்தார்கள். பக்கிரிக்கு நாலு தலை, அதில் ஒரு தலை ஷூ. சோழர் காலம் தொட்டு ஐம்பொன்னில் சிலை வார்த்த ஊரின் பழக்கம், ஒரு ஷூ பையனைத் தாளுக்குத் தாள் ஒரே உயரத்தில் நிறுத்த உதவியது. எனக்கு ஓவியக் கல்வியில் யாரும் இதைச் சேர்த்துச் சொல்லித்தரவில்லை.

அதே உயரம், அதே ஆள் என்பதுதான் இந்த வேலையிலேயே கடினமான பகுதி. ஒரு தடவை அழகாக வரைந்துவிடலாம். பக்கவாட்டில், பின்னாலிருந்து, உட்கார்ந்தபடி, ஓடியபடி, தூங்கியபடி என்று பத்துத் தடவை வரைந்தாலும் அவனே அவனாக இருக்க வேண்டும். இங்கேதான் பிள்ளைகள் சோர்ந்து போவார்கள். ஐந்தாவது படத்தில் அழுகை வந்துவிடும். நான் தேற்ற மாட்டேன், காத்திருப்பேன். சட்டையில் இருபது கட்டம் போட்டவன் ஆறாவது தடவையில் கட்டத்தை விட்டுவிடுவான். பின்னல் பின்னலாகச் சடை போட்டவள் அதை ஒரே வளைவாக்குவாள். எது இல்லாவிட்டாலும் பரவாயில்லை, எது இல்லாமல் ஆள் இல்லை என்பது கைவலியில் தெரிந்துவிடுகிறது. சொல்லித்தந்து வருவதில்லை அது.

வண்ணம் தீட்டிய ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி நான் எழுதியே ஆக வேண்டும். "ஸ்கின் கலர் யார்கிட்ட இருக்கு?" என்று ஒரு குரல் எழுந்தது. இன்னொரு பிள்ளை வெளிர் ரோஜா நிறத்துக் கிரேயானை எடுத்து நீட்டினாள். அந்த அறையில் இருந்த ஒருவர் தோலும் அந்த நிறத்தில் இல்லை, என்னுடையதும் இல்லை. பிள்ளைகளின் நாயகன், நாயகி எல்லாருக்கும் அந்தக் குச்சி வரிசையாகக் கைமாறியது. கறுப்பும் பழுப்பும் வில்லன்களுக்குப் போயின. வில்லன்கள் எல்லாரும் குண்டு. பாதிப் பேருக்கு ஒரு கண் சாய்வு. இந்த இலக்கணத்தைச் சினிமாவும் சிரிப்புப் படங்களும் அவர்களுக்குப் பல வருஷமாகக் கற்றுக்கொடுத்திருந்தன. என் தலைமுறைப் பத்திரிகைப் படங்களிலும் அது இருந்தது. சொற்பொழிவால் இதை மாற்ற முடியாது என்று நினைத்தேன்.

எல்லாரும் இடது கையைத் தாள்மேல் வைக்கச் சொன்னேன். கையின் ஓரத்தில் தாளில் கிரேயானைத் தேய்த்து, தோலின் நிறம் வரும்வரை கலந்து பார்க்க வேண்டும். பழுப்பு மட்டும் போட்டால் மண் போல ஆகிவிட்டது. பழுப்பின்மேல் ஆரஞ்சு, அதன்மேல் லேசாக மஞ்சள் என்று ஒருத்தி கண்டுபிடித்தாள். இன்னொருவனுக்கு ஊதா தேவைப்பட்டது, "என் கையில ஊதா இருக்கு மிஸ்!" என்று கத்தினான். முழங்கைப் பக்கம் ஒரு நிறம், உள்ளங்கையில் வேறு என்று சண்டை. அரைமணி நேரம் யாரும் தாளிலிருந்து தலையைத் தூக்கவில்லை. அந்த வெளிர் ரோஜாக் குச்சியை வைத்து அன்று மாலை யாரோ தாமரை வரைந்தார்கள்.

அதன்பிறகு வில்லன். கறுப்பு, குண்டு, சாய்ந்த கண், நொண்டிக் கால் எதுவும் கூடாது. ஆனாலும் பார்த்தவுடன் இவர் கெட்டவர் என்று தெரிய வேண்டும். இப்படி ஒரு நிபந்தனை போட்டதும் முதலில் திகைத்தார்கள். பிறகு வந்தது மழை மாதிரி. எல்லாவற்றிலும் எனக்குப் பிடித்தது, பட்டுப்புடவை கட்டி, பூ வைத்து, ரொம்ப அழகாக இருந்த ஓர் அம்மா. ரேஷன் கடை வரிசையில், எல்லாரையும் பார்த்துச் சிரித்துக்கொண்டே முன்னால் போய் நின்றுவிடுவாள். அந்தச் சிரிப்பை வரைந்தவள் அதற்குப் புருவத்தை மட்டும் மாற்றியிருந்தாள். உடம்பை வைத்து ஆளை எடைபோடும் பழக்கத்துக்கு அன்று அந்த அறையில் வேலை இல்லாமல் போயிற்று.

தலைப்பில் இருக்கும் பரமசிவத்துக்கு வருகிறேன். அவரை உருவாக்கியவள் டீக்கடைக்காரர் மகள், ஆறாம் வகுப்பு. முதல் நாள் மலை வரைந்தவர்களில் அவளும் ஒருத்தி. "நீ தினமும் பாக்கிறதுல, உயிர் இருக்கிற மாதிரி தோணுற பொருள் எது?" என்று கேட்டிருந்தேன். அவள் தன் அப்பா கடை பாய்லரை வரைந்துகொண்டு வந்தாள். பித்தளை வயிறு, மேலே புகைக்குழாய், கீழே தணல். காலையில் கடை திறந்தவுடன் அவள் அப்பா பாய்லருக்கு விபூதிப்பட்டை போட்டு நடுவில் குங்குமம் வைப்பார். ஆகவே நெற்றி தயாராக இருந்தது. அதன்கீழ் இரண்டு கண் வைத்தால் போதும். திறந்து மூடும் குழாய்தான் மூக்கு. பாய்லர் பரமசிவம். கோபம் வந்தால் உச்சியில் ஆவி கிளம்பும்.

"இவருக்கு என்ன வேணும்?" என்று கேட்டேன். ஒவ்வொரு கதாபாத்திரத்திடமும் நான் கேட்கும் கேள்வி அது. சக்தி என்ன, எத்தனை பேரை அடிப்பார் என்று பிள்ளைகள் சொல்வார்கள். என்ன வேண்டும் என்று கேட்டால்தான் ஆள் பிறப்பார். அவள் சொன்னாள்: "இவரு வயித்துல வெறும் வெந்நிதான் மிஸ் இருக்கு. டிக்காஷன் தனியா, பால் தனியா. ஊரே இவரால டீ குடிக்குது. இவரு ஒரு வாய் குடிச்சதில்ல. இவருக்கு ஒரு டீ வேணும்."

நான்கு கட்டத்தில், ஒரு சொல்கூட இல்லாமல் கதை சொல்வது அடுத்த பாடம். அதற்கு கோபுலுவின் படங்களை எடுத்துப்போனேன். கும்பகோணத்தில் ஓவியம் படித்து, ஓவியர் மாலியின் படங்களால் ஈர்க்கப்பட்டு விகடனுக்குப் போனவர் கோபுலு. 'தில்லானா மோகனாம்பாள்' தொடர்கதைக்கு அவர் வரைந்த முகங்களை நம் வீட்டுப் பெரியவர்கள் இன்னும் நினைவில் வைத்திருக்கிறார்கள். வார்த்தையே இல்லாத நகைச்சுவைப் படங்களை அவர் தமிழ் வாசகர்களுக்குப் பழக்கினார். பிற்காலத்தில் பக்கவாதம் வந்து வலது கை முடங்கியபோது இடது கையால் வரையப் பழகிக்கொண்டார் என்று சொன்னேன். பிள்ளைகள் உடனே பென்சிலை இடது கைக்கு மாற்றிப் பார்த்தார்கள்.

பரமசிவத்தின் முதல் கட்டத்தில் கடையில் கூட்டம். இரண்டாவதில் மாஸ்டர் ஒரு முழ உயரத்திலிருந்து டீயை ஆற்றுகிறார். பரமசிவத்தின் கண்மணிகள் அந்த டீயோடு மேலேயும் கீழேயும் போகின்றன. மூன்றாவதில் இரவு. இரவு என்று எழுதாமல் எப்படிக் காட்டுவது? நிலா போடு என்றார்கள் மற்றவர்கள். கடைக்குள்ளிருந்து நிலா தெரியாது என்றாள் அவள். நான் வாயைத் திறக்கவில்லை. அடுத்த வாரம் வரைந்து வந்தாள்: பலகைக் கதவுகள் சாத்தியிருக்கின்றன, பெஞ்சுகள் மேசைமேல் கவிழ்ந்திருக்கின்றன, பெஞ்சு இருந்த இடத்தில் தெருநாய் சுருண்டு தூங்குகிறது. பரமசிவத்தின் உச்சியில் ஆவி இல்லை. மேசை ஓரத்தில் யாரோ கால்வாசி விட்டுப்போன கிளாஸ். நான்காவது கட்டத்தில் அவருடைய குழாய் யானைத் துதிக்கையாக நீண்டு கிளாஸுக்குள் இறங்கியிருந்தது. நாய் ஒரு கண்ணைத் திறந்து பார்க்கிறது. அந்த நாயின் கண்ணை யாரும் அவளுக்குச் சொல்லித்தரவில்லை.

பெற்றோர்களில் சிலர் வந்து கேட்டார்கள், "இதுக்கு சர்ட்டிபிகேட் உண்டா? போட்டிக்கு அனுப்பலாமா?" மழைநீர் சேகரிப்பு, தலைக்கவசம், தூய்மை என்று தலைப்புக் கொடுத்து நடத்தும் போட்டிகளில் எனக்கு நம்பிக்கை இல்லை. என்ன படம் வர வேண்டும் என்பது அங்கே முன்கூட்டியே முடிவாகிவிடுகிறது. சங்கர்ஸ் வீக்லியை நடத்திய கார்ட்டூனிஸ்ட் சங்கர் பிள்ளை 1949இல் பிள்ளைகளுக்காக ஓவியப் போட்டி தொடங்கியவர். அதைப் பல நாட்டுக் குழந்தைகள் கலந்துகொள்ளும் அளவுக்கு வளர்த்தார். பெரியவர்களை ஓயாமல் கேலிசெய்து வரைந்த ஒரு மனிதர், குழந்தைகளின் கோட்டுக்கு அத்தனை மரியாதை கொடுத்தார் என்பது எனக்கு முக்கியமாகப் படுகிறது. அந்த மரியாதை இருந்தால் போட்டியும் நல்லதுதான்.

நாங்கள் சான்றிதழுக்குப் பதிலாகப் புத்தகம் போட்டோம். ஒரே தாளை மூன்று தடவை மடித்து, நடுவில் ஒரு வெட்டு வெட்டித் திருப்பினால் எட்டுப் பக்கக் குட்டிப் புத்தகம் கிடைக்கும். ஜெராக்ஸ் எடுத்துப் பிள்ளைகளே மடித்தார்கள். நூலகர் ஒவ்வொன்றுக்கும் எண் கொடுத்து, சிறுவர் நூல்கள் வரிசையில் வைத்தார். எடுத்துப் போய்ப் படித்துவிட்டுத் திருப்பித் தந்தார்கள். பரமசிவத்தை டீக்கடையிலேயே நூல்கட்டித் தொங்கவிட்டிருக்கிறார்கள்.

புத்தகம் வந்த மறுவாரம் ஒரு பெரிய சண்டை. பொன்னியின் இரண்டாவது கதையில், ஊரில் போஸ்டர் ஒட்டத் தடை வந்துவிடுகிறது; பசி தாங்காத பொன்னி, பக்கிரியின் பத்தாம் நம்பர் ஷூவைத் தின்றுவிடுகிறது. பக்கிரியை உருவாக்கியவன், பீமை அச்சு அசலாக வரைந்த அதே பையன், கண் சிவக்க வந்து நின்றான். "என்னைக் கேக்காம என் ஆளோட ஷூவை எப்படித் திங்கலாம்? ஷூ போயிட்டா அவன் யாரு மிஸ்?" பொன்னிக்காரன் விட்டுக்கொடுக்கவில்லை. "ஆடுன்னா திங்கத்தான் செய்யும்." இரண்டு பேரையும் நூலகரின் மேசை முன்னால் உட்கார வைத்தோம். மற்ற பிள்ளைகள் சுற்றி நின்று ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். கடைசியில் ஒரு துண்டுத்தாளில் எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டார்கள்: பொன்னி ஷூவைக் கடிக்கலாம், தின்னக் கூடாது; லேஸ் மட்டும் தின்னலாம்; பதிலுக்குப் பக்கிரி பொன்னிமேல் ஒரு தடவை சவாரி போகலாம். நூலகர் தேதி முத்திரை குத்திக் கொடுத்தார். பாய்லர்காரி உடனே தனக்கும் ஒரு தாள் கேட்டாள். பரமசிவம் கதைக்குள் யார் வேண்டுமானாலும் வரலாம், ஆனால் வருகிறவர்கள் டீக்குக் காசு கொடுக்க வேண்டும் என்று எழுதச் சொன்னாள்.